கொல்லை வாசல் இல்லாத வீடு

என் வீட்டுக்காரர் இயற்கையை நேசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. அதற்கு முன்னால் அவர் நல்ல மனுஷராகத்தான் இருந்தார். காலையில் கம்பெனிக்குப் போவார், ராத்திரி வந்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்குவார், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி தின்பார். ஒருநாள் நெஞ்சு லேசாக வலிக்கிறது என்று டாக்டரிடம் போனார். ஒன்றுமில்லை, தினமும் கொஞ்சம் நடங்கள் என்றார் டாக்டர். நடக்கச் சொன்னால் நடக்க வேண்டியதுதானே? இவர் பூங்காவில் நடந்துகொண்டே யூடியூப் பார்த்தார். அதில் தாடி வைத்த எவனோ ஒருத்தன் மண்சுவரைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"நமக்குன்னு கிராமத்துல ஒரு வீடு வேணும்மா. சிமெண்டே இல்லாத வீடு. லீவு விட்டா போய் இருந்துட்டு வரலாம்."

"சிமெண்ட் இல்லாத வீட்டுலதான் நான் பொறந்தேன். இருந்த வரைக்கும் போதும்," என்றேன். காதில் விழவில்லை. இயற்கையை நேசிக்கிறவர்களுக்குப் பெண்டாட்டி பேசுவது மட்டும் கேட்காது போலிருக்கிறது.

அவர் சென்னையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. நான் திருத்துறைப்பூண்டிப் பக்கம். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, கதிர்க்கட்டு சுமந்து என்னைப் படிக்கவைத்தார்கள். இன்றைக்கு நான் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. அம்மா ஊரில் தன் வீட்டில் தனியாக இருக்கிறாள்.

வினை அங்கேதான் வந்து நின்றது.

"உங்க ஊர்ப்பக்கமே பார்ப்போம்," என்றார். "அத்தையும் தனியா இருக்காங்க. அவங்க வீட்டை வித்து இதுல போட்டுட்டா அவங்களும் புது வீட்டுக்கு வந்துடலாம். நாம இல்லாதப்போ வீட்டைப் பார்த்துக்கிட்ட மாதிரியும் ஆச்சு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

மாங்காயாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவர் சரியான இடம் பார்த்துப் பிடித்திருந்தார். போன மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து தூக்குகிற வரைக்கும் அப்படியே கிடந்தாள். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று போன் போட்டால், அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மாப்ள ஆசைப்படுறாரு. நான் என்னத்தடி சொல்றது? பார்ப்போம்."

ரேஷன் கடைக்காரன் அரிசியில் கை வைத்தால் தெருவைக் கூட்டுகிறவள். நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் மேஸ்திரியை அழ வைத்தவள். மாப்பிள்ளை என்றால் மட்டும் பொட்டிப் பாம்பு. அவர் கேட்டால் பட்டாவை எடுத்து நீட்டிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய புயல் அடித்த வருஷம் எங்கள் கூரை வீடு பறந்துபோனது. கூரை போய் வேலிக்கருவையில் தொங்கியது, மண்சுவர் மழையில் கரைந்து வாசலில் ஓடியது. அதற்கப்புறம் அம்மா ஒரு வைராக்கியத்தோடு கட்டிய வீடு இது. அரசாங்கம் கொடுத்தது பாதி, நானும் அவளும் போட்டது மீதி. காங்கிரீட் தளம், ரோஸ் கலர் பெயிண்ட், வழவழவென்று டைல்ஸ், முன்னால் கம்பி கேட். பார்க்கிறவர்களுக்குக் கண் கூசும். அம்மாவுக்கு அந்த நிறம்தான் வேண்டியிருந்தது.

எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுக்குக் கொல்லைப்பக்கம் வாசல் கிடையாது. ஒரே வாசல், முன்வாசல். கொத்தனார் தலையால் அடித்துக்கொண்டார். "பொழங்குற வீட்டுக்குப் பின்னாடி வாச வேணாமா ஆச்சி? பாத்திரம் எங்க கழுவுவீங்க, குப்பையை எங்க கொட்டுவீங்க?" என்று கேட்டுப் பார்த்தார். அம்மா அசையவில்லை. நான் காரணம் கேட்டபோது பாம்பு வரும் என்றாள். இன்னொரு தடவை கேட்டால் திருடன் வருவான் என்றாள். எங்கள் தெருவில் திருடுவதற்கு என்ன இருக்கிறது, திருடனே வந்தாலும் எதையாவது வைத்துவிட்டுத்தான் போவான். கடைசியில், "என் வீடு, என் இஷ்டம், நீ உன் சோலியைப் பாரு," என்று வாயை அடைத்துவிட்டாள். மீன் கழுவிய தண்ணீரைக்கூட நடுக்கூடம் வழியாக எடுத்துப்போய் முன்வாசலைத் தாண்டித்தான் ஊற்றுவாள். என் வீட்டுக்காரர் வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். காற்று ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டுமாம், இந்த வீடு மூச்சு விடவில்லையாம். அவர் மட்டும் விடாமல் பேசிக்கொண்டிருப்பார்.

ஆக, வீடு பார்க்கக் கிளம்பினோம். முதல் இரண்டு வீட்டை அம்மா இல்லாமல் நாங்கள் மட்டும் பார்த்தோம்.

முதல் வீடு வேதாரண்யம் பக்கம், உப்பளத்துக்குக் கொஞ்சம் தள்ளி. முழுக்க மூங்கில். காற்று அடிக்கிற அடியில் வீடு மொத்தமும் கிழவன் முழங்கால் மாதிரி நெறுநெறுத்தது. இந்தக் கடலோரத்தில் புயல் எப்படி வரும் என்று தெரிந்த எவனும் இங்கே மூங்கிலில் வீடு கட்ட மாட்டான். கட்டினவன் பெங்களூர்க்காரன். காட்ட வந்தவன் ஒரு மரம்கூட வெட்டவில்லை, ஒரு பிளாஸ்டிக்கூடக் கிடையாது என்று பாடம் ஒப்பித்தான். குடிக்கிற தண்ணீருக்கு என்ன வழி என்று கேட்டேன். போர் போட்டால் உப்பு. "கேன் வாட்டர் டெய்லி வந்துரும் மேடம்," என்றான். பின்னால் எட்டிப் பார்த்தால் காலி பிளாஸ்டிக் கேன்கள் மலையாகக் கிடந்தன. என் வீட்டுக்காரர் அதைப் பார்க்காத மாதிரி கொக்கைப் பார்த்தார்.

இரண்டாவது வீடு திருவாரூர் பக்கம். இது மண் வீடு. ஆனால் எங்கள் களிமண் கறுப்பு. போட்டோவில் கறுப்பு எடுபடாதாம். அதனால் எங்கிருந்தோ லாரி லாரியாகச் செம்மண் கொண்டுவந்து, விளைந்துகொண்டிருந்த நஞ்சையின் மேல் கொட்டி மேடாக்கி, அதன் மேல் மண்வீடு கட்டி, வாசலில் 'மண்ணைக் காப்போம்' என்று பலகை வைத்திருந்தார்கள். நான் அந்தப் பலகையைக் காட்டி, "வயலைக் கொன்னு பொதைச்சிட்டு அதுக்கு மேல கல்லறைக் கல்லு மாதிரி எழுதி வச்சிருக்கீங்களே," என்றேன். காட்ட வந்த பெண் சிரித்தாள். பாவம், சிரிக்கத்தான் சம்பளம் போலிருக்கிறது. காரில் ஏறியதும், "எதுக்கெடுத்தாலும் குத்தம் சொன்னா எப்படி?" என்று என் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அன்றைக்குத் திருவாரூரில் சாப்பிடாமலேயே திரும்பினோம்.

மூன்றாவது வீட்டைத்தான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். அது எங்களுக்குப் பக்கத்து ஊர். எங்கள் தெருவிலிருந்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். இது படிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் முடிவோடு இருந்தார். அத்தை வந்து பார்த்து சரி என்றால் அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

அம்மா கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பியிருந்தாள். நான் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்த நீலப் புடவை, தலையில் பூ, புதுச் செருப்பு. முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று என்னைப் பின்னால் தள்ளிவிட்டாள். ஏ.சி. காற்றை முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள். கார் பாலம் ஏறும்போது என் வீட்டுக்காரர், "அத்தை, இந்த வீட்டைக் கட்டுறவர் சாதாரண ஆளு இல்ல. இந்த ஊர் பழைய மிராசு வீட்டுப் பேரனாம். அவங்க பெரிய வீட்டைப் பிரிச்சு அந்த மரத்தை வச்சே இதைக் கட்டியிருக்காரு. எதையும் வீணாக்கலை பாருங்க," என்றார்.

"எந்த மிராசு வீடு?" என்றாள் அம்மா.

"குளத்தங்கரைல இருந்துச்சாமே, ரெட்டைக்கட்டு வீடு."

அம்மா ஏ.சி. காற்றை வேறு பக்கம் திருப்பினாள். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையில்தான் அவள் கல்யாணமாகி வந்த புதிதிலிருந்து நான் பள்ளிக்கூடம் சேர்கிற வரைக்கும் சாணி அள்ளினாள் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் புத்தி வேலை செய்யவில்லை. நான் வீட்டுக்காரரை எதைச் சொல்லி மட்டம் தட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மிராசு வீட்டுப் பேரன் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயசு இருக்கும். கதர் ஜிப்பா, வெறுங்கால், கழுத்தில் ஏதோ கொட்டை மாலை. கும்பிட்டார். "செருப்பைப் படியிலயே கழட்டிட்டு வெறுங்கால்ல தரையை மிதிச்சு வாங்க, பூமியோட கனெக்ட் ஆகும்," என்றார். அம்மா காரிலேயே உட்கார்ந்து செருப்பு வாரை என்னவோ செய்துகொண்டிருந்தாள். "நீங்க முன்ன போங்க, வர்றேன்," என்றாள். நாங்கள் போனோம்.

முன்வாசல் கதவுக்கே ஒரு பிரசங்கம் நடந்தது. ஒற்றைத் தேக்கில் இழைத்ததாம், கொள்ளுத்தாத்தா காலத்துக் கதவாம், பித்தளைக் குமிழ் ஒவ்வொன்றும் கையால் அடித்ததாம். என் வீட்டுக்காரர் கதவைத் தடவினார். நான் தடவவில்லை. உள்ளே இருட்டாக, ஜில்லென்று இருந்தது. அதை மறுக்க முடியாது. தரை முழுக்கச் சாணி மெழுகல்.

"டைல்ஸ்ல கால் வைக்கவே பயமா இருக்கும் சார் இந்தக் காலத்துல. இது மூச்சு விடுற தரை. வாரத்துக்கு ஒருதரம் மெழுகணும், அவ்வளவுதான்," என்றார் பேரன். "ஆளு நாங்களே ஏற்பாடு பண்ணிடறோம்."

"ஆள் எதுக்கு? எங்க அத்தை இங்கதானே இருக்கப் போறாங்க. அவங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை," என்றார் என் வீட்டுக்காரர். பெருமையாகச் சொன்னார். மனுஷன் உண்மையாகவே பெருமைப்பட்டார், அதுதான் கொடுமை.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "இன்னொரு தரம் சொல்லுங்க?" என்றேன்.

"என்னம்மா, தப்பாவா சொன்னேன்?"

அதற்குள் பேரன் கழிப்பறையைக் காட்ட ஆரம்பித்துவிட்டார். அங்கே தண்ணீர் ஊற்றக் கூடாதாம். போய் முடித்ததும் ஒரு சட்டி சாம்பல் அள்ளிப் போட வேண்டுமாம். ஆறு மாசத்தில் எல்லாம் உரமாகிவிடுமாம். வயல் வரப்பில் ஒதுங்கி, யார் வருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எழுந்து நின்று, கக்கூஸ் வைத்த வீடு வேண்டும் என்று என் அப்பாவிடம் வருஷக்கணக்காகச் சண்டை போட்ட பொம்பளை என் அம்மா. தன் வீட்டில் முதன்முதலாகத் தண்ணீர் பீய்ச்சுகிற பொத்தானை அமுக்கிவிட்டு, அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவள். அவள் இங்கே வந்து சாம்பல் அள்ளிப் போட வேண்டுமாம். தூ!

"அம்மா எங்க?" என்றேன். என் வீட்டுக்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். காரில் ஆள் இல்லை. வாசலிலும் இல்லை. வேலி ஓரத்தில், பூவரச மரத்தடியில், அவளுடைய புதுச் செருப்பு ஜோடியாகக் கிடந்தது. எங்கள் செருப்பெல்லாம் வாசற்படியில் கிடக்க, அவளுடையது மட்டும் அவ்வளவு தூரத்தில் ஏன் கிடக்கிறது என்று எனக்கு உறைப்பதற்குள் வீட்டுக்குப் பின்னாலிருந்து பேரனின் குரல் கேட்டது. மூலிகைத் தோட்டத்தைக் காட்டுவதற்காக அவர் கொல்லைக் கதவைத் திறந்திருக்கிறார்.

"ஏம்மா, உன்னை யாரு இன்னைக்கு வரச் சொன்னது? மெழுக வேண்டியது நாளைக்குத்தானே? வீடு பார்க்க ஆள் வந்திருக்காங்க. போயிட்டு நாளைக்கு வா."

ஓடினேன்.

அம்மா கொல்லைப்படிக்குக் கீழே, மண்ணில் நின்றுகொண்டிருந்தாள். நீலப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். ஒரு கை இன்னொரு கையின் முழங்கையைப் பிடித்திருந்தது. தலை குனிந்திருந்தது. ஊரே நடுங்குகிற என் அம்மா, தலையில் நான் வைத்துவிட்ட பூவோடு, கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்கிற மாதிரி நின்றாள். கூப்பிடும்வரை நின்று பழகிய இடம் அது. எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பெரிய வீட்டுக்குள் வேலைக்குப் போவதென்றால் சுற்றிக்கொண்டு கொல்லை வழியாகத்தான் போக வேண்டும். செருப்பு வேலிக்கு வெளியே. நான் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். வீடு புதுசு, வேறு இடம், யாரும் அவளைப் பின்னால் போகச் சொல்லவில்லை. கதவும் உத்தரத்து மரமும் மட்டும்தான் பழசு.

"யாருன்னு நெனச்சு பேசுறீங்க?" என்று கத்தினேன். "அது எங்க அம்மா!"

பேரனுக்கு முகம் செத்துவிட்டது. "ஐயோ சாரி மேடம். சத்தியமா தெரியாது. பார்த்தா தெரியல."

"பார்த்தா என்ன தெரிஞ்சுது? அதைச் சொல்லுங்க. பட்டுக்கரை போட்ட புடவை கட்டியிருக்காங்க, பூ வச்சிருக்காங்க. சாணி மெழுக வர்றவங்க இப்படியா வருவாங்க உங்க வீட்டுக்கு? என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?"

என் வீட்டுக்காரர் ஓடிவந்து, "விடும்மா, அவரு தெரியாம கேட்டுட்டாரு. அத்தை ஏன் இந்தப் பக்கம் வந்தீங்க? முன்னாடியே வந்திருக்கலாம்ல?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார்.

"அம்மா, நீங்க முன்பக்கமா உள்ள வாங்கம்மா. வந்து உக்காருங்க. மோர் சாப்பிடலாம்," என்றார் பேரன். நல்லபடியாகத்தான் கூப்பிட்டார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

"இருக்கட்டுங்கய்யா," என்றாள் அம்மா. "நான் இப்படியே பார்த்துக்கிட்டேன்."

ஐயாவாம்! மகன் வயசு ஆளைப் போய். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு வேகமாக வந்தது. கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். பூவரச மரத்தடியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, கார்க் கண்ணாடியில் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். திரும்பும்போது முன்சீட்டில் உட்காரவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பாலம் தாண்டியதும் என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நடந்தது தப்புதான். ஆனா ஒருத்தர் வாய் தவறிக் கேட்டதுக்காக நல்ல வீட்டை விட்டுடறதா? நாளைக்கு அந்த வீட்டுக்கே அத்தைதானே ஓனர்? அந்தக் கதவுலயே ராணி மாதிரி நுழையலாமே."

"வண்டியை நிறுத்துங்க. நான் எறங்கி நடந்து போறேன்," என்றேன்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்," என்றாள் அம்மா. "மாப்ள, கடைத்தெருவுல நிறுத்துங்க. மீன் வாங்கணும்."

மீன்காரியிடம் பிடித்தாள் பாருங்கள் ஒரு சண்டை. கெண்டை செத்து எத்தனை நாளாச்சு, செவுளைக் காட்டு, கண்ணைக் காட்டு, என்னை யாருன்னு நெனச்சே என்று அவள் போட்ட சத்தத்தில் அந்தக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. மீன்காரி ஒன்றும் செய்யவில்லை, மீனும் நல்ல மீன்தான். யாருக்குப் போக வேண்டியதோ அந்தப் பேச்சு மீன்காரிக்குப் போனது. எனக்கு நிம்மதியாக இருந்தது, பழைய அம்மா திரும்பி வந்துவிட்டாள் என்று.

வீட்டுக்கு வந்ததும் கம்பி கேட்டைத் திறந்தாள். படி ஏறினாள். செருப்பை முன்வாசல் கதவை ஒட்டி, நட்டநடுவில் கழற்றிப் போட்டாள். மின்விசிறியைப் போட்டுவிட்டு மீனும் அரிவாள்மனையுமாகச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். நான் நிலையில் சாய்ந்து நின்றேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் போன் அடித்தது. பேரன்தான். அவர் எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவார், ஊருக்கே கேட்கும்.

"சார், ரொம்ப சங்கடமாப் போச்சு. நான் யோசிச்சேன். அம்மாவுக்கு அந்த வீட்டுல கூச்சம் இருக்கும்னா, கொல்லைப்பக்கம் தனியா ஒரு ரூம் கட்டித் தந்துடறேன். தனி வழி. அவங்க பாட்டுக்கு வரலாம், போகலாம். அவங்களுக்கும் ஃப்ரீயா இருக்கும்."

பழைய குருடி, கதவைத் திறடி என்பார்களே, அதுதான். என் வீட்டுக்காரர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். மலர்ந்தது அப்படியே நின்றது. "அத்தை... நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். மாப்பிள்ளை கேட்டுவிட்டாரே. இப்போது பட்டாவை நீட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல், போனுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"மாப்ள, அந்தத் தம்பியை ஒருநாளு நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுங்க. இந்தா, இந்த முன்வாசல் வழியா வந்து, உள்ள உக்காந்து, என் கையால ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போவட்டும். அப்பறமா வீட்டைப் பத்திப் பேசுவோம்."

ஐயா போய் தம்பி வந்துவிட்டான். போனில் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று என் வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்தார். கட்டாகவில்லை. "ஹலோ? சார்?" என்றார்.

"பார்க்கலாம் சார்... இந்த மாசம் கொஞ்சம் வேலை ஜாஸ்தி. நான் அப்பறம் கூப்பிடறேன்," என்றது போன்.

அவர் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும். என் வீட்டுக்காரருக்குத்தான் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்வாசலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடியும் வாசலைப் பார்த்தார். "ஒரு காப்பிதானே..." என்று ஆரம்பித்துவிட்டு, அவராகவே நிறுத்திக்கொண்டார். அந்த மட்டுக்கும் மூளை இருந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன். அவருடைய மண் வீடும் மூச்சு விடுகிற தரையும் அன்றோடு ஒழிந்தன. இப்போது லீவு விட்டால் இந்த ரோஸ் கலர் வீட்டுக்குத்தான் வருகிறோம். குளியலறையில் அம்மா பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி பதித்தாகிவிட்டது. இவ்வளவுதான் வேலை, இதற்குப் போய் இத்தனை ஊர் சுற்றினோம்.

ஆனால் அன்றைக்கு நான் அம்மாவிடம் இன்னொன்று கேட்டேன். எத்தனையோ தடவை கேட்டதுதான்.

"ஏம்மா, கொத்தனார் அவ்வளவு சொன்னாரே. இந்த வீட்டுக்குக் கொல்லைல ஒரு வாச வச்சிருக்கலாம்ல? ஏம்மா வேணாம்னுட்டே?"

இந்தத் தடவை பாம்பும் வரவில்லை, திருடனும் வரவில்லை. மீனை அலசிய கையை உதறினாள்.

"வச்சிருந்தா என் காலு அங்கதான்டி போவும்," என்றாள். "எனக்கு என் காலைத் தெரியும்."

பிறகு மீன் கழுவிய தண்ணீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவே முன்வாசலைப் பார்க்க நடந்தாள். தண்ணீர் தளும்பி டைல்ஸில் சொட்டியது. என் வீட்டுக்காரர் காலை மடக்கி வழி விட்டார்.